லைக் போடவில்லை, திட்டத்தான் வந்தேன்



நம் பழைய மாணவர் ஒருவர் தானே செய்த வால்வு ஆம்ப்ளிஃபையரின் படத்தை நேற்றுப் போட்டிருந்தார். அமெச்சூர் ரேடியோவுக்கானது. பிட்எக்ஸ் செட் கொடுக்கும் ஏழெட்டு வாட்டை, இரண்டு 807 வால்வுகள் ஐம்பது அறுபது வாட்டாக்கும். எத்தனை லைக், எத்தனை "சூப்பர் அண்ணா"! கார்த்திகை விளக்கு மாதிரி இருக்கிறது என்றார் என் வீட்டுக்காரம்மா. நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பவர் சப்ளையில் ப்ளீடர் ரெசிஸ்டர் இல்லை. வால்வின் தலையிலுள்ள தொப்பி திறந்து கிடக்கிறது. பிளேட் வோல்டேஜ் முழுவதும் நிற்கிற இடம் அதுதான்.

கேட்டால், "ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் சார் தொடுவேன்" என்கிறார். தம்பி, பத்தாம் வகுப்பில் என்ன படித்தாய்? 220 மைக்ரோஃபாரட் கண்டென்சர் இரண்டைத் தொடராக வைத்து 700 வோல்ட் ஏற்றினால் சுமார் 27 ஜூல். ஒரு கிலோ தேங்காய் ஒன்பது அடியிலிருந்து தலையில் விழுகிற ஆற்றல் அது. தேங்காயாவது நெஞ்சுக்குள் புகுந்து போகாது. ஸ்விட்சை அணைத்ததும் அந்த 27 ஜூல் எங்கே போகும்? போக வழி வைக்கவில்லையே நீ!

"வால்வே இழுத்துக்கொள்ளும்" என்று இன்னொருவர் கமெண்ட். ஸ்டாண்ட்பையில் பயாஸ் வால்வை அடைத்து வைத்திருந்தால் எதை இழுக்கும்? ஹீட்டர் போன வால்வு எதை இழுக்கும்?

ஒவ்வொரு கண்டென்சருக்கும் குறுக்கே 47 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்று. ஒரு நிமிடத்தில் வோல்டேஜ் பத்துக்குக் கீழே இறங்கிவிடும். இரண்டு கண்டென்சரும் வோல்டேஜைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டு தோசை விலைகூட ஆகாது.

என்னிடம் ப்ளீடர் இருந்தது. அதனால்தான் அடி வாங்கினேன். அது உள்ளே கருகி அறுந்திருந்தது தெரியாமல், அணைத்துவிட்டேன் என்ற தைரியத்தில் கை வைத்தேன். நாற்காலியோடு பின்னால் விழுந்தேன். இடது கையைச் சேஸிஸில் ஊன்றியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். அன்றிலிருந்து மீட்டரில் பார்த்த பிறகும், பி.வி.சி. குழாய் நுனியில் கட்டிய கம்பியின் மறுமுனையைச் சேஸிஸில் முறுக்கிவிட்டு, தொப்பியைத் தொட்டுப் பார்த்துத்தான் கை வைக்கிறேன். மற்றக் கை பாக்கெட்டில்.

உடனே உறவினர்கள் "இந்த வேலையே வேண்டாம், கடையில் வாங்கு" என்று கிளம்ப வேண்டாம். டியூனிங் கண்டென்சரைத் திருப்பும்போது பிளேட் கரெண்ட் ஏன் ஒரு இடத்தில் குழி விழுகிறது என்று காசு கொடுத்து வாங்கியவன் கேட்டு நான் பார்த்ததில்லை. சாலிடர் பிடித்துச் செய்தவன் கேட்பான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்தேன்.

லைக் போட்டவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். அதில் நான்கு பேர் எலெக்ட்ரிகல் இன்ஜினீயர்கள். ஒருவராவது "ப்ளீடர் எங்கே?" என்று கேட்டீர்களா?

தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் ரெசிஸ்டர் வைத்து, மேலே கம்பிவலை மூடி போட்டு, மீண்டும் ஒரு படம் அனுப்பு. அதுவரை பிளக்கைச் சொருகாதே.