பச்சையா சிவப்பா என்று கேட்பதை நிறுத்துவோம்

"குளிர் ஊர்ல கூலன்ட் எதுக்கு மச்சான்? பீலித் தண்ணியே ஐஸ் மாதிரி இருக்கு, அதையே ஊத்து."

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பக்கம் எந்தக் கராஜ் வாசலில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிறவர் பெரும்பாலும் அனுபவசாலி. கேட்கிற தம்பி தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். அந்தத் தலையாட்டலுக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

எங்கள் பெடியன்களுக்குக் கார் தெரியாது என்று யாரும் சொல்ல ஏலாது. மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. ஏப்ரல் சீசனில் அந்த வளைவு ரோட்டில் கார்கள் உறுமிக்கொண்டு ஏறும்போது, தேயிலைச் சரிவில் நின்று விசிலடிப்பது எங்கள் கூட்டம்தான். லான்சர் எவோவுக்கு எத்தனை குதிரைவலு, சுபாருவின் டர்போ எப்படி வேலை செய்யும், எல்லாம் மனப்பாடம். ஆனால் அந்த எஞ்சினைச் சுற்றி ஓடுவது என்ன என்று கேட்டால் வருகிற பதில் ஒரு நிறம்: "பச்சை", இல்லாவிட்டால் "சிவப்பு".

முதலில் "குளிர் ஊர்" கதையை முடிப்போம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை, ஏறக்குறைய 94இலேயே கொதித்துவிடும். பல கார்களில் ரேடியேட்டர் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95 பாகையை ஒட்டித்தான். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் பிடிக்காமல் போய், உள்ளே இருப்பதும் வெறும் பீலித் தண்ணி என்றால், ஃபேன் சுற்றுவதற்கு முன்பே தண்ணி கொதித்துவிடும். ஊர் குளிர்தான். ஆனால் அந்த ஊரில்தான் தண்ணி சீக்கிரம் கொதிக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டுக் கராஜ் வாசலில் மறந்துவிடுகிறோம்.

இன்னும் இருக்கிறது. கித்துள்கலையிலிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் ரோட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டாம் கியர், முன்னால் ஒரு லொறி, முந்த இடமில்லை. எஞ்சின் முழுப் பலத்தோடு இழுக்கிறது, ஆனால் வேகம் இல்லாததால் ரேடியேட்டருக்குள் காற்று புகுவதில்லை. உயரம் கூடக்கூடக் காற்றும் மெலிசாகிறது, சூட்டை எடுத்துப்போகும் சக்தி அதற்குக் குறைகிறது. மலை ரோடு எஞ்சினுக்கு வைக்கிற பரீட்சை கொழும்பு ரோட்டைவிடக் கடினம்.

நல்ல மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால் நுவரெலியாவில் வெறும் தண்ணீர்கூட 115 பாகை வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் ஏழெட்டுப் பாகை கூடும். ஆனால் கூலன்டின் பெரிய வேலை அது இல்லை, துருவைத் தடுப்பதுதான். இன்றைய எஞ்சின் தலையும் ரேடியேட்டரும் அலுமினியம். பீலித் தண்ணி கண்ணாடி மாதிரித் தெரிந்தாலும் மேல் மலையில் போட்ட உரம் அதில் கரைந்து வரலாம். பொட்டாஷ் உரத்தில் இருக்கிற குளோரைட் அலுமினியத்தை அரிக்கும். இன்று ஊற்றுகிற தண்ணி இன்றைக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் கழித்து வோட்டர் பம்ப் கசியும், ரேடியேட்டர் ஓட்டையாகும். அப்போது யாரும் பீலியைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். "பழைய வண்டிதானே" என்பார்கள்.

சரி, கூலன்டே வாங்குகிறோம். கடைக்காரர் கேட்கிறார்: "பச்சையா, சிவப்பா?" இந்தக் கேள்வியே பிழை. நிறம் வெறும் சாயம். எந்தச் சாயத்தைப் போடுவது என்று எல்லாக் கம்பனிக்கும் பொதுவான சட்டம் கிடையாது. மாஸ்டாவின் எஃப்எல்22 பச்சை. பழைய காலத்துச் சிலிக்கேட் கூலன்டும் பச்சை. இரண்டும் வேறு வேறு. டொயோட்டாவின் பழைய லோங் லைஃப் சிவப்பு, ஃபோக்ஸ்வாகனின் ஜி12உம் சிவப்புதான். ஹொண்டா நீலம், பிஎம்டபிள்யூவின் பழைய கூலன்டும் நீலம். ஜப்பான் கம்பனிகள் பொதுவாகப் பொஸ்பேட் சேர்க்கும், சிலிக்கேட்டைத் தவிர்க்கும். ஐரோப்பியர்கள் பொஸ்பேட்டைத் தவிர்ப்பார்கள், அவர்களில் பலர் சிலிக்கேட் சேர்ப்பார்கள். நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று கலந்தால் துருத் தடுப்பு மருந்துகள் ஒன்றையொன்று கெடுக்கும். சில கலவைகள் கூழாகத் திரண்டு ரேடியேட்டர் குழாயை அடைத்துவிடும்.

கேட்க வேண்டியது நிறம் இல்லை. வண்டியின் கைந்நூலில் எழுதியிருக்கிற தரத்தின் பெயர். அதோடு இன்னொரு கேள்வி: இது தண்ணி கலந்ததா, கலக்காததா? டொயோட்டாவின் இளஞ்சிவப்பு சூப்பர் லோங் லைஃப் பாதித் தண்ணியோடுதான் வருகிறது. அதில் திரும்பவும் தண்ணி கலந்தால் பாதுகாப்பு பாதியாகிவிடும். கலக்காததை வாங்கினால் டிஸ்டில் வோட்டர்தான் கலக்க வேண்டும். தனிக் கூலன்டை ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பதும் மடமை. சூட்டைச் சுமப்பதில் தண்ணிதான் கெட்டிக்காரன். கூலன்ட் கூடிப்போனாலும் எஞ்சின் சூடாகும்.

"ரேஸ்காரங்க வெறும் தண்ணிதானே ஊத்துறாங்க?" என்று கேட்கிறவர்களும் உண்டு. உண்மைதான், உலகில் பல பந்தயத் தடங்களில் கிளைகோல் கூலன்டுக்குத் தடை. தடத்தில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், பின்னால் வருகிறவன் உருண்டுவிடுவான் என்பதற்காக அந்தத் தடை. எஞ்சினுக்கு நல்லது என்பதற்காக இல்லை. ரேஸ்காரர் அந்தத் தண்ணியில் தனி மருந்து சேர்ப்பார், அடிக்கடி மாற்றுவார். அவருக்குப் பின்னால் மெக்கானிக் கூட்டமே நிற்கிறது. உங்கள் அல்டோவுக்குப் பின்னால் நிற்பது லீசிங் கம்பனி மட்டும்தான்.

இனி டொப்-அப். கூலன்ட் பெற்றோல் இல்லை, எஞ்சின் குடித்துத் தீர்க்க. அது மூடிய வட்டத்துக்குள் ஓடுவது. வாரா வாரம் குறைகிறது என்றால் எங்கேயோ போகிறது என்று அர்த்தம்: ஹோஸ், வோட்டர் பம்ப், இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கட். எஞ்சின் ஒயில் பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தாலோ, எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வந்தாலோ வண்டியை நிறுத்துங்கள். நிரப்பிக்கொண்டே ஓடுவது வைத்தியம் இல்லை, நோயை மறைப்பது.

நிரப்புவது எஞ்சின் ஆறிய பிறகு மட்டும்தான். ரிசர்வ் டாங்கியில் லோ கோட்டுக்கும் ஃபுல் கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் துணியைப் போட்டுத் திறப்பது வீரம் இல்லை. அழுத்தம் விட்ட நொடியில் உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். டொயோட்டா எம்ஆர்2 மாதிரி எஞ்சின் நடுவிலும் ரேடியேட்டர் முன்னாலும் இருக்கிற ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நீளக் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். காற்றை வெளியேற்றாமல் நிரப்பினால் டாங்கி நிறைந்திருக்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். நடுவழியில் வேறு வழியே இல்லை என்றால் எஞ்சின் ஆறியதும் சுத்தமான தண்ணி ஊற்றிக் கராஜ் வரை போங்கள், பிழையில்லை. அங்கே போனதும் முழுவதையும் வடித்து மாற்றுங்கள். அவசரத்துக்குச் செய்ததைப் பழக்கமாக்குவதுதான் பிழை.

ஏன் இவ்வளவு கோபம்? 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இருக்கிற பழைய வண்டிதான் எங்கள் சனத்தின் சொத்து. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டச் சம்பளம் நாளுக்கு 1350 ரூபாயாக இருந்தது. அம்மாவின் கொழுந்துச் சம்பளத்தில் லீசிங் கட்டுகிற வேனுக்கு ஹெட் கேஸ்கட் போனால், போவது அந்த வீட்டின் பல மாத உழைப்பு. ராத்திரியில் லயத்திலிருந்து பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதே வேன்தான். போத்தலில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம், இல்லாவிட்டால் ஜப்பான் எழுத்து. தமிழில் ஒரு வரி இல்லாத இடத்தில்தான் நிறம் மொழியாகிவிடுகிறது. வெறும் சாயத் தண்ணியை விற்கிறவனுக்கு அதைவிட வசதி ஏது?

கராஜ் நடத்துகிற அண்ணன்மாருக்கும் ஒரு வார்த்தை. வடித்த கூலன்டைக் கானில் ஊற்றாதீர்கள். எதிலீன் கிளைகோல் நஞ்சு, ருசியோ இனிப்பு. நாய் நக்கினால் சாகும். அந்தக் கான் கீழே எந்த லயத்துப் பீலியில் போய்ச் சேர்கிறது என்று உங்களுக்கே தெரியும். சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பதும் வேண்டாம், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பெரிய வேலை ஒன்றும் கேட்கவில்லை. பொனட்டுக்கு உள்ளே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதில் தமிழில் நாலு வரி: கூலன்ட் தரத்தின் பெயர், தண்ணி கலந்ததா இல்லையா, மாற்றிய திகதி, அடுத்து மாற்ற வேண்டிய திகதி. கண்ணாடி முழுக்க ஸ்போர்ட் ஸ்டிக்கர் ஒட்டத் தெரிந்த எங்களுக்கு இது கஷ்டமா? அடுத்த முறை கடைக்காரர் "பச்சையா சிவப்பா" என்று கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். அவரிடம் அது இல்லை என்றால் அடுத்த கடைக்கு நடங்கள்.