பின்னமும் தமிழும்

நம் சேலத்துக் கஞ்சமலைப் பாறைகளிற் காந்தக்கல் செறிந்துள்ளமை யாவரும் அறிவர். அவ்வினக் கல்லை நுண்டுகளாக்கி, மண்ணெண்ணெயிற் படியாது கலந்து நிற்கச்செய்து, 1963-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி ஆய்வாளர் ஸ்டீபன் பாப்பெல் காந்தப் பாய்மம் சமைத்தார். இத்தகைய பாய்மங்களின் ஓட்டத்தையும், அவற்றுள் வெப்பமும் கரைபொருளும் பரவுமாற்றையும் கணிக்க, இந்நாளிற் பின்ன நுண்கணிதமும் கையாளப்படுகின்றது.

அஃதியாதோ எனின், வகைக்கெழுவை அரைமுறை எடுப்பின் யாதாகும் என 1695-இல் லைப்னிட்ஸ் ஒரு மடலில் ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியினின்று கிளைத்த கலை அது. பொதுவான வகைக்கெழு அக்கணத்து மாற்றத்தையே உரைக்கும். பின்ன வகைக்கெழுவோ கடந்த நிலைகளையும் கணக்கிற் கொள்ளும். முன்னுற்ற அழுத்தத்தின் விளைவு எளிதில் நீங்காத பாய்மங்கட்கு அது பொருந்துவது இதனாலேயாம்.

இவையெல்லாம் தமிழிற் கூறவொண்ணா என்பார் உளர். அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பெயரிட்டு, 320-இல் ஒரு கூற்றையும் முந்திரி என வழங்கிக் கணக்கதிகாரமும் கண்ட மொழி, அரைமுறை வகைக்கெழுவைச் சொல்ல மாட்டாதோ? கணிதம் பயில்வாரும் தமிழ் பயில்வாரும் ஓரிடத்து அமராமையே குறை. தமிழ் மாணாக்கராகிய நாம் கணித மாணாக்கர்பாற் சென்று, ஒவ்வொரு சமன்பாட்டின் பொருளையும் கேட்டுத் தெளிந்து எழுதுவோமாக. அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய கட்டுரை ஒன்றேனும் வெளிவருதல் வேண்டும்.