கூடி வாங்கிய நகராட்சிகள்

டென்மார்க் நாட்டு நகராட்சிகள் தமக்குச் சொந்தமான 'கேஎம்டி' என்னும் கணினி நிறுவனத்தை 2009இல் விற்றன. விற்றது விவேகமா என்பது வேறு பேச்சு. மக்களின் உதவித்தொகைக் கணக்குகள் பெரும்பாலும் அதன் மென்பொருளிலேயே இருந்தன. இனி ஒவ்வொரு நகராட்சியும் அந்நிறுவனத்திடம் தனித்தனியே பேரம் பேசினால் விலை யார் கையிலிருக்கும்? சந்தைக்குச் சென்று வரும் நம் சகோதரிகள் அறியாததன்று!

ஆகவே 98 நகராட்சிகளும் தம் சங்கத்தின் வாயிலாக அவ்வாண்டே 'கோம்பிட்' என்னும் கூட்டு நிறுவனத்தை அமைத்தன. தேவையை ஒன்றாக வரையறுத்து, ஒன்றாகக் கொள்முதல் செய்வதே அதன் பணி. உதவித்தொகை மென்பொருள்கள் வந்து சேர ஆண்டுக்கணக்கில் தாமதமானதையும் சொல்லியாக வேண்டும். 2019இல் நகராட்சிப் பள்ளிகளுக்கு 'அவுலா' என்னும் பொதுத்தளம் வந்தது. ஊர்மாறிக் குடிபெயரும் தாய், புதிய பள்ளியின் அறிவிப்புகளையும் அதே தளத்திலேயே வாசிக்கிறாள்.