கொழும்பைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு

பாடசாலைச் சுற்றுலா போய் வந்த பிள்ளைகளிடம் கொழும்பில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், காலிமுகத்திடல், தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை என்பார்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகள் இன்னொன்றும் சொல்வார்கள்: "சேர், அங்க எல்லா இன ஆக்களும் ஒற்றுமையா இருக்கினம்." பெரியவர்கள் முகநூலில் எழுதுவதும் இதுதான். செட்டியார் தெருக் கோயில், புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசல், கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கங்காராமை என்று நாலு படம். கீழே இரண்டு இதயம்.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. 1983 ஜூலையிலும் இந்தக் கட்டடங்கள் அதே இடத்தில்தான் நின்றன. கடையையும் வீட்டையும் எரியக் கொடுத்தவர்கள் கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த கொச்சிக்கடைத் தேவாலயம், எல்லா மதத்தவரும் மெழுகுதிரி ஏற்றப் போகிற இடம். அதன் பிறகு தொப்பியையும் அபாயாவையும் கண்டால் பஸ்ஸில் எப்படிப் பார்த்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். கொழும்பு மாநகர எல்லைக்குள் எந்த இனமும் பாதிக்கு மேல் இல்லை. அந்தக் கணக்கு யாரையும் காப்பாற்றவில்லை.

அதற்காகக் கொழும்பில் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற நாட்டாமியும் முதலாளியும் ஒரே வசனத்துக்குள் சிங்களத்தையும் தமிழையும் போட்டுக் குழைத்து விலை பேசுவார்கள். என் சிவப்புப் பேனை தாங்காது! ஆனால் ஒருவரில்லாமல் மற்றவருக்கு அன்றைய வியாபாரம் நடக்காது. கோபுரத்தை விட அதைத்தான் பார்க்க வேண்டும்.

கல்வியிலும் இப்படி ஒரு காலம் இருந்தது. அதற்குக் கரவெட்டியே சாட்சி. 1932இல் இங்கே பிறந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி, விக்னேஸ்வராவில் படித்து, பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்குப் போனார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். 1948 முதல் 1961 வரை ஸாஹிராவின் அதிபர் ஏ.எம்.ஏ. அஸீஸ். அவர் வண்ணார்பண்ணையில் பிறந்து, வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். சைவப் பாடசாலைகளில் படித்த முஸ்லிம் பிள்ளை, தலைநகரின் முஸ்லிம் கல்லூரிக்கு அதிபராகிறார். கரவெட்டிப் பிள்ளை ஒருவர் அவருக்குக் கீழே கற்பிக்கிறார். இதற்காக அவர் சைவத்தையோ இவர் இஸ்லாத்தையோ விட வேண்டி வரவில்லை.

அந்த அஸீஸ் பிறந்த யாழ்ப்பாணத்திலிருந்துதான் 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணித்தியால அவகாசத்தில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு ஒரு தலைமுறை எங்களைக் காணாமலே வளர்ந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சேர், நீங்கள் வீட்டிலயும் தமிழா கதைக்கிறனீங்கள்?" எனக்குக் கோபம் வரவில்லை. புத்தளத்தில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் வடமராட்சியைப் பற்றிக் கேட்கும் கேள்விகளும் இதற்குக் குறைந்தவை அல்ல.

ஆகவே சுற்றுலாக் குழுவில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளவத்தையில் சாப்பிட்டு, தமிழ் மண்டபத்தில் படுத்து, வந்த பஸ்ஸிலேயே திரும்பினால் பிள்ளை கரவெட்டியை விட்டு வெளியே போகவே இல்லை. மிருகக்காட்சிசாலைக்குக் கொடுக்கும் காலைப்பொழுதை ஒரு கொழும்புப் பாடசாலைக்குக் கொடுங்கள். சிங்களமோ முஸ்லிமோ, எதுவானாலும் சரி. அதே வகுப்புப் பிள்ளைகளோடு இரண்டு பாடவேளை இருக்கட்டும், ஒரு எல்லே விளையாடட்டும். சிங்களப் பாடத்தில் தொண்ணூறு புள்ளி எடுக்கிற பிள்ளை தண்ணீர்ப் போத்தலின் விலையைக் கேட்கக் கூச்சப்படுகிறது. அங்கே கேட்டுப் பார்க்கட்டும். பஸ் கூலி ஒரு சதமும் கூடாது.

தெற்கிலிருந்து வரும் சுற்றுலா பஸ்களிடமும் இதையே கேட்கிறேன். நல்லூர், நூலகம், பருத்தித்துறை முனை என்று ஓடிவிட்டு, நெல்லியடியில் தேத்தண்ணிக்கு நிற்கிறார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பாடசாலைகள் இருக்கின்றன. அடுத்த தவணைக்கு இப்படியொரு பரிமாற்றம் செய்ய விருப்பமுள்ள அதிபர்கள், ஆசிரியர்கள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் பொறுப்பு.