ரேடியோவை நிறுத்துங்க சார்!

பழைய கார் வைத்திருப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. கியர் பாக்ஸில் சத்தம் வந்தால் ரேடியோவைக் கொஞ்சம் ஏற்றி வைப்பவர்கள் ஒரு ரகம். 'சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே' என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டே ஓட்டுபவர்கள் இன்னொரு ரகம். அந்தச் சத்தம் என்னதான் சொல்கிறது என்று காது கொடுத்துக் கேட்கிற மூன்றாவது ரகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

சமவெளியில் இது வெறும் காசு விவகாரம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரைக்கும் நீங்கள் எந்த ரகமாக இருந்தாலும் பிழைத்துக்கொள்ளலாம். கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏற ஆரம்பித்துவிட்டால் அது உயிர் விவகாரம். ஏறும்போது இன்ஜின் உங்களை இழுக்கிறது. இறங்கும்போது இன்ஜின்தான் உங்களைப் பிடித்து வைக்கிறது. இந்த இரண்டு வேலைக்கும் நடுவில் நின்று கை கொடுப்பது கியர் பாக்ஸ். மலையில் அது கையை விட்டால் மிச்சம் இருப்பது பிரேக் மட்டும்தான்.

கல்வராயன் மலையில் பழைய வண்டி என்பது யாருடைய பொழுதுபோக்கும் அல்ல. மூன்றாவது கைக்கு வந்த ஜீப்பும் வேனும் காரும்தான் அங்கே மரவள்ளிக் கிழங்கு மூட்டையையும் பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணையும் கீழே கொண்டுவருகின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் இந்த மலைமக்களின் நிலைமை பற்றித் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ரோடும் ஆஸ்பத்திரியும் அங்கே நீதிபதிகள் கேட்டு வாங்கித் தர வேண்டிய விஷயங்களாக இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் வண்டியின் சத்தத்தை அலட்சியம் செய்ய நமக்கு உரிமை கிடையாது.

சரி, சத்தம் என்ன சொல்கிறது? இது ரகசிய வித்தை இல்லை. நாலு நிமிஷத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். 'கரகர' என்று கேட்கிறதா? கிளட்சை மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டால், இன்ஜின் சுழற்சியை உள்ளே வாங்குகிற ஷாஃப்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். கிளட்சை மிதித்தால் அந்த ஷாஃப்ட் நின்றுபோகும், சத்தமும் நிற்கும், அவ்வளவுதான் கணக்கு. நேர்மாறாக, மிதித்தால் மட்டும் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். ஆனால் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதே இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாததால் எத்தனை பேர் எத்தனை ஆயிரம் அழுதிருக்கிறார்கள்!

ஒரே ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்த கியரின் பல்லைச் சந்தேகப்படுங்கள். அம்பாசடர் மாதிரி பின்சக்கரம் இழுக்கும் பழைய வண்டியில் டாப் கியரில் அமைதி, மற்ற எல்லாவற்றிலும் சத்தம் என்றால், அடியில் சுழலும் லே ஷாஃப்ட் பக்கம் பாருங்கள். டாப்பில் அதன் மேல் சுமை இல்லை. கியர் மாற்றும்போது மட்டும் 'கறுக்' என்று கடித்தால் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கலாம், அல்லது கிளட்ச் முழுசாக விடாமல் இழுத்துக்கொண்டிருக்கலாம். சமதளத்தில் நியூட்ரலில் உருளும்போதும் அதே ஊளை தொடர்ந்தால் கியர் பாக்ஸ் நிரபராதியாகவும் இருக்கலாம், வீல் பேரிங்கை விசாரியுங்கள். ரிவர்ஸில் மட்டும் 'ஊய்ங்' என்றால் கவலை வேண்டாம். பல கார்களில் ரிவர்ஸுக்கு நேர்ப்பல் சக்கரம். அதன் பிறவிக் குரலே அதுதான்.

இவ்வளவு விவரமாகப் பேசுகிற ஒரு சாட்சியை நாம் என்ன செய்கிறோம்? வாயை அடைக்கிறோம்.

முதல் வழி, கெட்டி ஆயில். 'தொண்ணூறுக்குப் பதிலா நூத்தி நாப்பது ஊத்திடலாம் சார், சத்தம் அமுங்கிடும்.' அமுங்கும், உண்மைதான். தேய்ந்த பல்லும் தேய்ந்த பேரிங்கும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, மலையின் காலைக் குளிரில் அந்தக் கூழ் சந்து பொந்துக்குள் நேரத்துக்குப் போய்ச் சேராது, கியரும் விழ மறுக்கும். பழைய கார் வியாபாரத்தில் கியர் பாக்ஸுக்குள் மரத்தூளைப் போட்டு விற்பார்கள் என்று உலகம் பூராவும் ஒரு கதை உண்டு. கெட்டி ஆயில் அதன் நாகரிகமான தம்பி.

இன்னொரு கூத்து, டப்பாவில் இருக்கும் நம்பர். ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று போட்டிருக்கும். ஐந்து என்றால் நாலை விட உசத்தி என்று நினைத்து வாங்கி ஊற்றுகிறோம். இது பரீட்சை மார்க் அல்ல. ஐந்து முக்கியமாகப் பின் ஆக்ஸில் பற்களுக்காக உருவானது. பித்தளை சிங்க்ரோ வளையம் உள்ள பல பழைய பாக்ஸ்களுக்கு நாலுதான் சரி. கம்பெனி கொடுத்த புத்தகம் என்ன சொல்கிறதோ அதை ஊற்றுங்கள்.

இரண்டாவது வழிதான் பயங்கரம். இறக்கத்தில் மூன்றாவது கியர் ஊளையிடுகிறதா? நியூட்ரலில் போட்டுவிடு! சத்தம் நின்றது, பெட்ரோலும் மிச்சம் என்று இரட்டைச் சந்தோஷம். இரண்டும் ஏமாற்று. இன்ஜெக்‌ஷன் உள்ள காரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே இறங்கினால் பெட்ரோல் பாய்வதே பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் தன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருக்கும். சிலர் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறார்கள். பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பிரேக் கல்லாகிவிடும். அம்பாசடர், ஜீப் வகையில் லே ஷாஃப்ட் நின்றுபோவதால் ஆயிலை வாரி இறைக்க ஆள் இல்லை, உள்ளே வறண்ட இரும்பு சுழலும். கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைக் கொல்வது இப்படித்தான். கியர் தானாக எகிறி நியூட்ரலுக்கு வருகிறது என்று லீவரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் திரும்புகிறவர்களும் உண்டு. ஐயா, ஒற்றைக் கையில் எத்தனை பேர் உயிரைத் திருப்புகிறீர்கள்?

எல்லாப் பழியையும் மெக்கானிக் தலையில் போடுவது சுலபம். நான் போட மாட்டேன். பில்லைப் பாருங்கள். பேரிங் விலைக்கு நாம் பேரம் பேசுவதில்லை. லேபரில்தான் கை வைப்போம். அரை மணி நேரம் வண்டியை ஓட்டி, காது கொடுத்துக் கேட்டு, 'இன்ன இடத்துல கோளாறு சார்' என்று சொல்பவருக்கு ஒரு டீ வாங்கித் தருவதோடு நம் தர்மம் முடிந்துவிடுகிறது. பொருளுக்குக் காசு கொடுப்போம், புத்திக்குக் கொடுக்க மாட்டோம். அப்புறம் அவர் என்ன செய்வார்? ஒன்று, கெட்டி ஆயிலை ஊற்றி அனுப்புவார். இல்லாவிட்டால், 'பாக்ஸையே மாத்திடுங்க' என்பார். கேட்பதற்குக் கூலி இல்லாத ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இதற்கு மேல், 'பழசைத் தூக்கிப் போடு' என்று ஒரு கோஷ்டி. 2021-ல் பழைய வாகனக் கழிப்புக் கொள்கை வந்தது. 2022 ஏப்ரலில் பதினைந்து வருஷம் முடிந்த காரை மறுபதிவு செய்யும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள். மாருதி 800, அம்பாசடர் இரண்டுமே 2014-ல் உற்பத்தி நின்றுபோனவை. அவர்கள் கண்ணில் இவை எல்லாம் குப்பை. நான் படித்தது பி.காம். வருமான வரிக் கணக்கில் சொந்தக் காருக்கு வருஷம் 15 சதவிகிதம் தேய்மானம், அதுவும் மிச்சம் இருக்கும் மதிப்பின் மேல். இந்த முறையில் எத்தனை வருஷம் கழித்தாலும் மதிப்பு பூஜ்யத்தைத் தொடவே தொடாது. கணக்குப் புத்தகத்துக்கே தெரிகிற விஷயம் கொள்கை வகுப்பவர்களுக்குத் தெரியவில்லை. புது வண்டி வாங்க வக்கில்லாதவனிடம் பழசைப் பிடுங்கினால் அவன் நடப்பான். மலையில் நடப்பது என்றால் என்ன என்று அந்த மக்களைக் கேளுங்கள்.

அதற்காகப் 'ஓடுற வரைக்கும் ஓடட்டும்' என்பவர்களோடும் எனக்குச் சம்மதமில்லை. பழசை வைத்திருக்கும் உரிமையோடு அதைக் கேட்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. அடுத்த முறை கியர் ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மைபோலச் சாம்பல் பூச்சு ஒட்டினால் அது வயசு. இரும்புச் செதில் ஒட்டினால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் தெரிந்தால் சிங்க்ரோ கரைகிறது. செதிலைப் பார்த்த பிறகும் மலை ஏறினால் அது விதி அல்ல, திமிர்.

அரசாங்கத்திடமும் ஒன்று கேட்கலாம். ஐயாயிரம் வாங்குகிறீர்கள், வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காசுக்கு, ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் மோட்டார் மெக்கானிக் படித்து வந்த ஒரு பையனை உட்கார வையுங்கள். அவன் வண்டியை ஒரு மேட்டில் ஏற்றி, இறக்கி, ஒவ்வொரு கியரிலும் காது கொடுத்துக் கேட்டு, எந்த பேரிங், எந்தப் பல் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். அவனுக்கு வேலை, மலைக்காரனுக்கு உயிர். அந்தச் சீட்டு வரும்வரை, கோமுகி அணையைத் தாண்டுவதற்கு முன்னால் ரேடியோவை நிறுத்துங்க சார்.