தனியுரிமையா, திரையைப் படிக்கும் வசதியா? சிக்னல் பயனர் ஏன் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்?

விண்டோஸ் 11 கணினியில் சிக்னல் செயலியைப் பயன்படுத்துபவர்கள் 2025 மே மாதத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்தைக் கவனித்திருக்கலாம். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் சாட் வராது, வெறும் கறுப்புக் கட்டம்தான் வரும். ஓடிடி-யில் படம் ஓடும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் வருமே, அதே கறுப்பு. பின்னால் இருக்கும் தொழில்நுட்பமும் அதே மாதிரிதான்.

காரணம், மைக்ரோசாஃப்ட்டின் ‘ரீகால்’. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்டு, கடும் எதிர்ப்பால் தள்ளிப்போய், 2025 ஏப்ரலில் கோபைலட் பிளஸ் கணினிகளுக்கு வந்த வசதி இது. ஆன் செய்துவிட்டால் சில விநாடிகளுக்கு ஒருமுறை திரையைப் படம் பிடித்துச் சேமிக்கும். ‘போன வாரம் எங்கேயோ பார்த்த நீல நிற சோபா’ என்று தேடினால் எடுத்துக் கொடுக்கும். படங்கள் கணினியை விட்டு வெளியே போகாது, பயனர் சம்மதித்தால்தான் இயங்கும் என்கிறது மைக்ரோசாஃப்ட்.

ஆனால், சம்மதம் கேட்கப்படுவது கணினியின் சொந்தக்காரரிடம் மட்டும்தான். சாட்டின் மறுமுனையில் இருப்பவரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் ஒரு வாரத்தில் தானாக அழியும்படி அனுப்பிய மெசேஜின் படம், இங்கே ரீகாலில் தங்கிவிடும். பிரவுசர்களின் பிரைவேட் விண்டோவை ரீகால் தானாகவே தவிர்த்துவிடுகிறது. சிக்னல் மாதிரியான செயலிகள் ‘எங்களையும் விட்டுவிடு’ என்று சொல்வதற்கு விண்டோஸ் வழி தரவில்லை. அதனால்தான் சினிமா திருட்டைத் தடுக்க வைத்த பூட்டை எடுத்து சிக்னல் தன் கதவில் மாட்டியது.

சரி, இதில் என்ன சிக்கல்? பூட்டுக்கு ஆள் தெரியாது. பார்வைக் குறைவு உள்ளவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் பயன்படுத்தும் மேக்னிஃபையரும் திரையின் படத்தை எடுத்துத்தான் பெரிதாக்குகிறது. ஸ்கிரீன் ரீடர் பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதில்லை. செயலி கொடுக்கும் எழுத்து விவரங்களை வாங்கிக் குரலாகச் சொல்லும். ஆனால், யாரோ ஒருவர் நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பினால், அதிலுள்ள எழுத்தைப் படிக்க அதற்கும் திரையின் படம் வேண்டும். இந்தக் கருவிகள் சரியாக இயங்காமல் போகலாம் என்று சிக்னல் தன் அறிவிப்பிலேயே ஒப்புக்கொண்டது. பூட்டை எடுத்துவிட செட்டிங்ஸில் ஒரு வழியும் வைத்தது.

அவ்வளவுதானே, ஆஃப் பண்ணிட்டுப் போகலாமே எனத் தோன்றும். அங்கேதான் நியாயம் இடிக்கிறது. மற்றவர்களுக்குப் பாதுகாப்பு சும்மாவே கிடைக்கிறது. பார்வைக் குறைவு உள்ளவர் மட்டும் அதை விட்டுக்கொடுத்தால்தான் மெசேஜைப் படிக்க முடியும். அவரோடு பேசுபவர்களின் ரகசியமும் சேர்ந்தே போகலாம். அந்த ஸ்விட்சைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதும் அவரால் சரியாகப் படிக்க முடியாத அதே விண்டோவுக்குள்தான்!

தனியுரிமையும் அக்சஸிபிலிட்டியும் இயல்பிலேயே எதிரிகளா? இல்லை. ஆண்ட்ராய்டில் இதைவிட மோசமான நிலை இருந்தது. ஸ்கிரீன் ரீடருக்காக வைத்த அனுமதியைப் பயன்படுத்தித்தான் வங்கிக் கணக்கைத் திருடும் போலிச் செயலிகள் திரையைப் படித்தன. 2023இல் வந்த ஆண்ட்ராய்டு 14 இதற்கு ஒரு தீர்வு தந்தது. திரையின் ஒரு பகுதி ரகசியமானது என்று செயலி குறித்து வைத்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று பதிவானவை மட்டுமே அதைப் படிக்க முடியும். கதவைப் பூட்டி, சாவியை வேண்டியவர் கையில் கொடுக்கிற ஏற்பாடு. கூகுளால் செய்ய முடிந்ததை மைக்ரோசாஃப்ட்டால் செய்ய முடியாதா என்ன?

பார்வையற்றவர்களுக்குத் தனியுரிமை அடுத்தபட்சம் என்ற நினைப்பும் தவறு. ஆஸ்திரேலியாவின் என்வி அக்சஸ் அமைப்பு இலவசமாகத் தரும் ஓப்பன் சோர்ஸ் ஸ்கிரீன் ரீடர் என்விடிஏ. தமிழிலும் படிக்கும். அதில் ‘ஸ்கிரீன் கர்ட்டன்’ என்றொரு வசதி உண்டு. திரை முழுக்கக் கறுப்பாகிவிடும், குரல் மட்டும் ஹெட்போனில் வரும். பக்கத்து சீட்காரர் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. பயன்படுத்துபவரின் தேவை தெரிந்தவர்கள் எழுதிய மென்பொருளில் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

இந்தியச் சட்டமும் இரண்டையும் பிரிக்கவில்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் சொன்ன உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் சொன்னது. இரண்டு தீர்ப்புகளுக்கும் அடிப்படை ஒரே 21ஆவது பிரிவு.

சிக்னல் பூட்டியது சரியே. ஆனால், பூட்டை எடுப்பது எப்படி என்பதை முதல் முறை திறக்கும்போதே குரலிலும் பெரிய எழுத்திலும் சொல்லியிருக்க வேண்டும். மூல நிரல் எல்லோர் கண்முன்னும் இருக்கும் செயலி என்பதால், இதைச் சரிசெய்ய வெளியாட்களும் கை கொடுக்கலாம். விண்டோஸில் அந்த வழி கிடையாது. அங்கே மைக்ரோசாஃப்ட்தான் மனம் வைக்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது: ரீகால் ஆஃபில் இருக்கிறதா என்று விண்டோஸ் செட்டிங்ஸில் முதலில் பாருங்கள். அது தேவைதான் என்றால், படம் பிடிக்கக் கூடாத செயலிகள் பட்டியலில் சிக்னலைச் சேருங்கள். அதன் பிறகு சிக்னலின் செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதிக்குப் போய் ‘ஸ்கிரீன் செக்யூரிட்டி’யை ஆஃப் செய்யலாம். மேக்னிஃபையர் பயன்படுத்தும் நண்பர் இருந்தால், இந்த வரிசையிலேயே உட்கார்ந்து செய்து கொடுங்கள்.