‘டு-லெட்’ போர்டுக்குப் பின்னால்

பணம் வந்தா சாதி போயிடும் என்று சொல்கிற தோழர்கள் நம்மிடையேயும் உண்டு. சென்னையில் ஒரு வாடகை வீடு தேடிப் பார்க்கட்டும். அட்வான்ஸ் வரைக்கும் பேசி முடித்தபின் வரும்: “நீங்க என்ன ஆளுங்க?” நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர் “நான்-வெஜ் உண்டா?” என்பார். “அக்கம்பக்கம் நல்ல மனுஷாளா இருக்கணும் பாருங்க.” நல்ல மனுஷாள் யாரென்று நமக்கா தெரியாது!

1917ல் பரோடா அரசு வேலைக்குப் போன அம்பேத்கர், கொலம்பியாவில் படித்தவர். பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கியவரைத் தடியோடு வந்து விரட்டினார்கள். இந்து நண்பரும் கிறித்தவ நண்பரும் ஆளுக்கொரு சாக்குச் சொன்னார்கள். பூங்காவில் உட்கார்ந்திருந்து இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார்.

2005ல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அகமதாபாத்தில் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் பார்சிகளை மட்டுமே உறுப்பினராக்கலாம். அது சங்கம் வைக்கும் உரிமையாம். சிறுபான்மையான பார்சிகளோடு நமக்குச் சண்டையில்லை. ஆனால் இதே வாசல் வழியாக ஒவ்வொரு சாதி இந்துக் கூட்டமும் தனக்கொரு ‘நகர்’ கட்டிக்கொள்ளுமே! அக்கிரகாரத்துக்கு ரிஜிஸ்டர் நம்பர் கொடுத்த மாதிரிதான்.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ விடாமல் தீண்டாமை பாராட்டுவதைக் குற்றம் என்கிறது. “வேற பார்ட்டிக்குப் பேசியாச்சு” என்று வீட்டுக்காரர் நழுவிவிடுகிறார். மாணவத் தோழர்கள் அடுத்தமுறை தனியாகப் போக வேண்டாம். சாட்சிக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். புரோக்கர் சொன்னது, தேதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். புகாரை நாம் சேர்ந்தே கொடுப்போம்.